முதலில் வணக்கம் சொல்லாதவர்

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உங்கள் அம்மாவைப் பார்த்து, "உங்க வூட்டுக்காரரு கொஞ்ச நாளு வண்டி ஓட்டாம, செங்கல்பட்டுல யாரையோ பாக்கப் போய்க்கினு இருந்தாராமே?" என்று கேட்டார். உங்கள் அம்மா யோசிக்கவே இல்லை. "முதுகு வலி" என்றாள். நானும் முதுகைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பெரியவளே, சின்னவனே, எனக்கு முதுகு வலி இருந்ததே இல்லை. இன்றைக்கும் சிமெண்ட் மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவேன். நான் போனது மனசு சரியில்லாமல்; பெரியவளுக்கு அது பாதி தெரியும். பார்த்தது ஒரு சைக்காலஜிஸ்டை. எட்டாவதோடு நின்றவன், கோர்வையாக எழுத வராது. ஆனாலும் அந்த மேடத்தைப் பற்றி எழுதிவைக்கிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். என் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் பெயரை நான் சொல்வது நியாயமில்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி தெரியும். மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, செருப்பு வாரில் ஒரு ஊக்கு. கணவருக்குக் கடற்கரைப் பக்கம் அணு ஆராய்ச்சி வேலை, தெற்கே இருந்து வந்த குடும்பம் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அவராகத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாடிப்படியின் கீழே இரண்டு போர்டு. ஒன்று பல் டாக்டருடையது. பக்கத்தில் அதே அளவில், அதே உயரத்தில் மேடத்தின் போர்டு. கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருநாள் என் எதிரிலேயே வந்து, "மேடம், உங்க போர்ட மட்டும் பின்பக்கம் மாத்திக்கலாம்ல? வர்றவங்களுக்கும் கூச்சம், எனக்கும் காலிக் கடைக்கு வாடகைக்கு ஆள் வரமாட்டேங்குது" என்றார்.

"பல் டாக்டர் போர்டு பின்பக்கம் போகுதா?"

"பல்லு வேற மேடம்."

"பல்லும் வலிக்குது, இதுவும் வலிக்குது. அவர் போர்டு எங்கயோ, என் போர்டும் அங்கதான்."

அவ்வளவுதான் பேச்சு. போர்டை மறைக்க மாட்டார். ஆனால் அந்தப் படியேறி வந்த ஆள் யார் என்று அவரைக் கொன்றாலும் சொல்ல மாட்டார்.

அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. பெஞ்சின் தலைமாட்டில் ஆணியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். பாட்டுப் பிரியை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். ஒருநாள் நான் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே பாட்டு நின்றது. மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பேட்டரி கட்டையை எடுத்துக்கொண்டு போய், மாற்றிப் போட்டு, பாட்டு வந்த பிறகுதான் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பெஞ்சில் இருப்பவர் காதில் உள்ளே பேசுவது விழக்கூடாது. ரேடியோ அதற்குத்தான்.

ரயில் போகும்போதும் அப்படித்தான். ஒரு விரலைத் தூக்குவார். கடைசிப் பெட்டி போகும்வரை இருவரும் சும்மா இருப்போம். அப்புறம், "'சாவியை இடுப்புல'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க" என்று நான் விட்ட வார்த்தையிலேயே எடுத்துக் கொடுப்பார்.

அந்தச் சாவிக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு முதலாளியிடம் டூரிஸ்ட் வேன் ஓட்டினேன். ஒரு நாள் பகலில் பூஞ்சேரிக்குக் கிட்டே, சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தார். நான் பிரேக் அடித்தும் வேன் நிற்கவில்லை. அவர் இறந்துவிட்டார். தப்பு என் பேரில் இல்லை என்று போலீஸ் எழுதியது, பார்த்தவர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு சைக்கிள் மணி காதில் விழுந்தாலே என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். ஒரு தடவை கிழக்குக் கடற்கரைச் சாலை நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டேன். முதலாளி, "கொஞ்ச நாளு வூட்ல இருப்பா" என்றார்.

அந்த மாதம்தான் பெரியவளே, பதினொன்றாம் வகுப்பில் உனக்கு அரசாங்கச் சைக்கிள் கொடுத்தார்கள். நீ பாவாடையைச் செருகிக்கொண்டு மணியடித்தபடி காலனிக்குள் வந்தாய். நான் அதைப் பிடுங்கி, வாசல் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். நம் பக்கம் காலையில் ஒரே பஸ், அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தால் நிற்கும். ஒன்றரை மாதம் நடந்தாய். அப்புறம் ஒருநாள் என் எதிரில் வந்து நின்றாய்.

"நைனா, சாவியக் குடு. இல்லன்னா ஸ்கூலுக்கு வந்து டி.சி. வாங்கிக் குடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

எனக்குச் சாவி தரவும் முடியவில்லை, டி.சி. வாங்கவும் முடியவில்லை. நம் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நீ.

பெரிய ஆஸ்பத்திரியில் கண், வயிறு, நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர், "உடம்புல ஒண்ணும் இல்லண்ணே. மனசுக்குப் பாக்கற வார்டு இங்கயே இருக்கு, அங்க காட்டுங்க" என்றார். அங்கே போனேன். வரிசையில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நான் அவர்களைப் பார்த்துத் திரும்பி நடந்துவிட்டேன். ஓசியில் கிடைத்த வைத்தியத்தை வெட்கத்துக்காக விட்டேன். அந்த மாதிரி நீங்கள் செய்யாதீர்கள். ரயிலுக்கு நடக்கும்போதுதான் பல் டாக்டருக்குப் பக்கத்துப் போர்டு கண்ணில் பட்டது.

முதல் நாள் உங்கள் தாய்மாமனும் கூட வந்தான். என்னை அழைத்துப் போவதாக அவன்தான் உங்கள் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தான்.

"இவுரு வாயத் தொறக்க மாட்டாரு மேடம். இன்னா நடந்துச்சுன்னு நான் சொல்றேன், கேட்டுக்கங்க."

"நீங்க வெளியே பெஞ்சுல உட்காருங்க."

"நான் மச்சான் மேடம். கூடப் பொறந்தவன் மாதிரி."

"சந்தோஷம். பெஞ்சுல உட்காருங்க."

"உள்ள போயி ஒண்ணும் பேசமாட்டாரு, பாருங்க!"

"பேசாம இருக்கட்டும். அதுக்கும் இங்க இடம் இருக்கு" என்று கதவைச் சாத்தினார்.

நான் எக்ஸ்ரே கவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினேன். "காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல மேடம். ரத்தம் எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க ரத்தம் எடுக்க மாட்டோம். கீழ போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். நான் சாப்பிட்டு வந்தேன். உங்கள் மாமனும் கூடவே வந்து நாலு சாப்பிட்டான்.

அப்புறம்தான் அவர் எல்லாம் சொன்னார். தான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுத மாட்டேன், தேவை என்று பட்டால் எழுதுகிறவரிடம் அனுப்புவேன் என்றார். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், கட்டணம் இவ்வளவு, முடியாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். "என்கிட்டப் பேசறது உங்களுக்கு ஒத்துவரலன்னா சொல்லுங்க, வேற ஆளைக் காட்டறேன், கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். ஆரம்பத்தில் இன்னும் மோசமாகக்கூட இருக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள் என்றார். இங்கே பேசுவது உங்களுடையது, வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றார். இன்னும் ஏதோ சொன்னார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது சீட்டு எழுதுவார் என்று.

பிறகு கேள்விகள். தூக்கம், சாப்பாடு, குடி. அதே குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று கேட்டார். பெற்றவர்கள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ரெண்டு வாட்டி" என்றேன். அவர் பதறவில்லை. எப்போது, இப்போதும் இருக்கிறதா, மறுபடி வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

படியிறங்கும்போது உங்கள் மாமன் கேட்டான்.

"இன்னா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஊசி?"

"இல்ல."

"பேசறதுக்கா மாமா டப்பு? நம்ம டீக்கடையில பேசினா டீயாவது கெடைக்கும்!"

அடுத்த மூன்று வாரமும் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவரும் உட்கார்ந்திருப்பார். ஏரியில் நாரை நிற்கும். நேரம் முடிந்ததும் "இன்னிக்கு இவ்வளவுதான்" என்பார். உங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என்னதான் நடக்கிறது என்று கேட்டு வர உங்கள் மாமனை அனுப்பினாள். அவன் போனது எனக்குத் தெரியாது. சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்து வந்தான்.

"அந்தம்மாவுக்கு இன்னா திமிரு! 'எங்க மாமா எப்படிக் கீறாரு'ன்னேன். 'உங்க மாமா யாரு'ன்றாங்க. பேரச் சொன்னா, 'அப்படி ஒருத்தர் இங்க வர்றாரா இல்லையான்னுகூட நான் சொல்ல மாட்டேன்'ன்றாங்க. நான்தான் இட்டுகினு போயி வுட்டேன்! அவங்க சொல்லித்தான் நானும் கூடப் போயி இட்லி துன்னேன்!"

நான் சிரித்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஆனால் அந்தச் சிரிப்பு பத்து நாள்கூட நிற்கவில்லை. வேறு வேலை கேட்டு மாமல்லபுரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மற்ற வேன் டிரைவர்களோடு நின்றுகொண்டிருந்தபோது, மேடம் வீட்டுக்காரரோடு வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அப்புறம் விளக்குக் கம்பத்தைப் பார்த்த மாதிரி கண்ணை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. உங்கள் தாத்தா நாற்பது வருஷம் ஒருவர் நிலத்தில் உழைத்தார். களத்துமேட்டில் அந்த ஆள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் எதிரே வந்தால் யாரோ மாதிரி போவார். தாத்தா கையைக் கட்டி ஓரமாக நிற்பார். நான் சின்னப் பையனாக அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

அடுத்த முறை போய் நான் நாற்காலியில் உட்காரவில்லை.

"உள்ள இருந்தா மனுசன், ரோட்டுல பாத்தா தெரியாதா மேடம்? காலனிக்காரன்தானேன்னு தோணிச்சா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்படி உங்களுக்குப் பட்டிருக்கு. அது என் தப்பு. வெளியே பார்த்தா நான் முதல்ல வணக்கம் சொல்ல மாட்டேன்னு முதல் நாள் சொன்னேன். நீங்க காதுல வாங்கற நிலைமையில இல்ல. நான் மறுபடி சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்ல மாட்டீங்க?"

"நான் சொன்னா, பக்கத்துல நிக்கறவங்க 'அது யாருப்பா'ன்னு உங்களைக் கேட்பாங்க. பதில் சொல்றதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணணும். நான் வாயைத் திறந்தா, உங்களுக்குப் பதிலா நான் முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். நீங்க முதல்ல வணக்கம் சொல்லுங்க, எந்தக் கூட்டத்துலயும் நின்னு பதில் வணக்கம் சொல்வேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். என் வணக்கத்தை என் கையிலேயே விட்டுவைத்த பெரிய மனுஷரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அங்கிருந்து எப்படி என்று தெரியவில்லை, பூஞ்சேரிக்குப் போய்விட்டேன்.

இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் தலையை நான் மடியில் வைத்திருந்தேன். வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. "சைக்கிளு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். சைக்கிள் வேனுக்கு அடியில் அப்பளமாகக் கிடந்தது. நான், "ஒண்ணும் ஆவலப்பா, நல்லா கீது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதோடு போய்விட்டார்.

சாகிற மனிதனிடம் நான் பொய் சொன்னேன். எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் எனக்கு அவர் கேட்ட கேள்விதான் காதில் கேட்கும்.

"உன் தப்பு இல்லப்பா" என்று ஊரே எனக்குச் சொல்லியிருந்தது. மேடமும் அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு ரயில் போனது. விரலைத் தூக்கவில்லை, அவருடைய கண் கலங்கியிருந்தது. பிறகு, "அந்தப் பதில் கிடைக்கலன்னா அவர் எப்படிப் போயிருப்பார்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "இன்னிக்கு இவ்வளவுதான். பெஞ்சுல உட்கார்ந்து, கால் நிதானத்துக்கு வந்ததும் கிளம்புங்க" என்றார். அந்த நேரக் கணக்கு எனக்குக் கோபம் தந்தது. அந்த வாரம் தூக்கமும் கெட்டது. அவர் முன்னாடியே சொல்லியிருந்ததால்தான் மறுபடி போனேன்.

அதன் பிறகு வீட்டு வேலை கொடுத்தார். ஆமாம், உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதுபோல. முதல் வாரம், பூட்டைத் திறக்காமல் சைக்கிளைத் துடைக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை மணியடித்துவிட்டு, உடம்பு உதறினால் உதறட்டும் என்று அங்கேயே நிற்க வேண்டும். நான் வாசலில் நின்று வெறும் சைக்கிளுக்கு மணியடிப்பதைக் காலனியே வேடிக்கை பார்த்தது. "அண்ணாத்த, ஐஸ் விக்கிறியா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று அடித்தேன். பிறகு பூட்டைத் திறந்து, நீ உட்கார, நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தேன். பிறகு குளத்துமேடு வரை. பிறகு பிடியை விட்டேன்.

எப்போது சாவி கொடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லவே இல்லை. நான் கேட்டதற்கு, "சாவி உங்க இடுப்புலதானே இருக்கு" என்றார். ஒரு திங்கட்கிழமை காலையில் அரைஞாண் கயிற்றை அறுத்து உன் கையில் கொடுத்தேன். நீ பையைக் கேரியரில் வைத்தாய்.

அன்று நான் உன் பின்னாலேயே இரவல் சைக்கிளில் வந்தேன். லாரி வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்தது, ஆனால் கால் மிதித்தது. திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டோம். டீக்கடையில் உங்கள் மாமன், நம் காலனி ஆட்கள், என் பழைய முதலாளி எல்லாரும் நின்றிருந்தார்கள். "மாமா சைக்கிள்ல வர்றாரு பாருடா!" என்று அவன் கத்தினான். நாங்கள் இறங்கினோம்.

அப்போதுதான் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக மேடம் நிற்பதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வழக்கம்போலக் கண்ணை நகர்த்திக்கொண்டார்.

நான் சும்மா இருந்தால் அப்படியே போய்விடும். யாருக்கும் தெரியாது. முதலாளி பக்கத்தில் நிற்கிறார், வண்டி திரும்பக் கொடுப்பாரோ மாட்டாரோ. இதையெல்லாம் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான், இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி, "வணக்கம் மேடம்!" என்றேன்.

அவர் முழு உடம்போடு திரும்பினார். "வணக்கம்" என்று இரண்டு கையையும் கூப்பினார். அப்படி ஒரு சிரிப்பை அந்த அறையில் நான் பார்த்ததே இல்லை.

முதலாளி, "யாருப்பா அது?" என்றார்.

உங்கள் மாமன் முந்திக்கொண்டு, "முதுகு வலிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இர்றா" என்றேன். "மனசு கெட்டுப்போயி நான் வண்டி ஓட்ட முடியாம கெடந்தேன்ல? அப்ப நான் போயிப் பேசினது இவங்ககிட்டத்தான். இன்னும் போய்க்கினுதான் கீறேன்."

 டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் அவரைப் பார்த்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வருகிறார்கள். உங்கள் அம்மா முதுகு வலி என்று தொடங்கினால் போன வாரம்போலத் தலையாட்டாமல், பஸ் ஸ்டாண்டில் சொன்ன அதே வார்த்தையைச் சொல்வேன். அதற்காக எழுந்து போகிறவர்கள் போகட்டும். பெரியவளே, அப்படிப் போகிற வீட்டில் உனக்கு ஒருநாள் மனசு சரியில்லாமல் போனால் யார் உன்னை அழைத்துப் போவார்கள்?

அன்றைக்கு மேடத்தின் பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு அவர் திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. நான் உன் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னேன்.

"சைக்கிளு நல்லா கீது மேடம்."

நீ எதற்கென்று தெரியாமலேயே மணியடித்தாய்.